ஐந்தோடு நின்ற மணி

ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றில் இரண்டு பெரிதா, நான்கில் மூன்று பெரிதா என்று கேட்டிருந்தேன். இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்த காலை அது. ஜன்னல் கம்பிகளின் நிழல் பிள்ளைகளின் நோட்டுகளில் விழுந்திருந்தது. சுவரோரம் காயவைத்த குடைகளிலிருந்து ஈரத்துணி வாசம் வந்துகொண்டிருந்தது.

அப்போது மாதா கோயில் மணி அடித்தது. ஒரே ஒரு அடி. பிறகு நீண்ட இடைவெளி. பிறகு இன்னொரு அடி.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். சாவுக்கு அடிக்கும் துக்கமணி கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் இருந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள். இட்லி ஊற்றிக்கொண்டிருப்பவளும் கரண்டியோடு நிற்பாள். நானும் சாக்பீஸோடு நின்று எண்ணினேன்.

மூன்று. நான்கு. ஐந்து.

அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். ஒரு நிமிடம் போனது. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், உக்காரலாமா?"

 துக்கமணி ஐந்தில் நின்று நான் கேட்டதே இல்லை. உட்காரச் சொல்வதா, நிற்கச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றார். கையில் போன் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததுமே சாக்பீஸை மேசை மேல் வைத்துவிட்டேன்.

இத்தனை வாரங்களாக என் பள்ளிக்கூடக் கதைகளை இங்கே எழுதிவருகிறேன். பெரியகுளத்திலிருந்து ஒரு வாசகி, "உங்கள் மகளைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே" என்று எழுதியிருந்தார். வராமல் பார்த்துக்கொண்டது நான்தான். இந்த வாரம் அவளைப் பற்றியும் அவள் போட்ட ஒரு பாட்டைப் பற்றியும் எழுதுகிறேன். 

ஏழும் ஒன்பதும்

முதலில் மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ராயப்பன்பட்டிக்குப் போகும் வழியில் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. கோயிலைச் சுற்றி நூற்றைம்பது வீடு, அதைச் சுற்றித் திராட்சைத் தோட்டம், அதற்கப்பால் மலை. மணிச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வரும்.

இறந்தது பெண் என்றால் ஏழு அடி, ஆண் என்றால் ஒன்பது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்க வேண்டும். மணி அடிப்பவருக்குக் கடிகாரம் அந்தச் செபம்தான். ஏழாவது அடி விழுந்ததும் ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். எட்டு வந்தால் யாரோ ஆம்பளை. வராவிட்டால் பொம்பளை. அந்த ஒரு செப நேரத்துக்குள் நோய்ப்படுக்கையில் இருக்கும் எல்லோரையும் மனதுக்குள் ஒருமுறை பார்த்து வந்துவிடுவோம்.

என் அப்பாதான் அந்தக் காலத்தில் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, பூசைக்கு எடுத்துவைப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. ஒருமுறை துக்கமணி அடிக்கும்போது அப்பாவுக்கு விக்கல் வந்துவிட்டது. செபம் அறுந்து, எண்ணிக்கை தவறி, இறந்துபோன ஒரு அம்மாவுக்கு ஒன்பது அடி அடித்துவிட்டார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்தவர். கேட்டவர்கள் எல்லோரும் அவர்தான் போய்விட்டார் என்று மாலையோடு வந்து அவர் கட்டிலருகே நின்றார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கா கொண்டு வந்தீக?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார்.

இந்தக் கதையைச் சொல்லி எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சிரித்திருக்கிறோம். மணி தப்பாக அடித்தால் அது சிரிப்புக்கதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது கோயிலுக்கு முதல் எலெக்ட்ரிக் கிடார் வந்தது. மும்பையில் வேலை பார்த்த யாரோ காணிக்கையாகக் கொடுத்தது. பாடகர் குழுவில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆறு மாதம் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக நின்றது. பூசை முடிந்ததும் நான் போய் யாருக்கும் தெரியாமல் ஒரு கம்பியைத் தட்டுவேன். கரண்டு இல்லாமல் கொசு மாதிரிப் பாடும். அதைத் தொட்ட விரலை நாள் முழுக்க முகர்ந்து பார்ப்பேன். இரும்பு வாசம் வரும்.

என் மகளுக்கு அந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஏலச்செடிக்குள்

மகள் பெயர் ஜெனி. கோயம்புத்தூரில் படிப்பு முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். மற்ற நேரமெல்லாம் கிடார். அவளோடு இரண்டு பேர். டிரம்ஸ் வாசிக்கும் பிரவீன், பக்கத்து ஊர்த் திராட்சைத் தோட்டக்காரர் முருகேசனின் மகன். பாஸ் கிடார் வாசிக்கும் வினு, மலைக்கு அந்தப் பக்கம் நெடுங்கண்டத்துக்காரன்.

மழை விட்ட அந்தக் காலையில், வினு வீட்டில் பயிற்சி என்று கிளம்பினாள். பஸ்ஸை விட்டுவிட்டாள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களின் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். கம்பம்மெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் இறங்கும் ஒரு வளைவில் ஜீப் சரிந்தது.

ஜீப்பில் இருந்த பெண்கள் அடிபட்டு, சிராய்த்து, ஒவ்வொருவராக ரோட்டுக்கு ஏறி வந்தார்கள். ஜெனியை மட்டும் காணவில்லை. கிடார் ரோட்டில் கிடந்தது. கீழே பள்ளத்தைப் பார்த்த யாரோ ஒருவர் ஊருக்குப் போன் செய்து, "சேவியர் மக போயிருச்சு" என்று சொல்லிவிட்டார். சேவியர் என் வீட்டுக்காரர்.

போன் எடுத்தவர் கோயிலுக்கு ஓடினார். அப்பாவுக்குப் பிறகு கோயில்பிள்ளையாக இருப்பவர் சூசை அண்ணன். என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அழுதுகொண்டே கயிற்றைப் பிடித்தார். வீட்டார் வந்து சொன்ன பிறகுதான் மணி அடிக்க வேண்டும் என்பது முறை. அழுகையில் அவர் அதை மறந்துவிட்டார்.

அதே நேரத்தில் மேலே, ஜீப்பில் போன பேச்சியம்மா என்ற பெண், உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு ஏலச்செடிகளுக்குள் இறங்கியிருக்கிறாள். "ஏலே, இங்கன கெடக்கு பிள்ளை. மூச்சு இருக்கு" என்று கத்தியிருக்கிறாள். ஊரில் மணி அடித்துவிடப் போகிறார்களே என்று ஜீப் டிரைவர் உடனே சூசை அண்ணனை போனில் கூப்பிட்டார். சட்டைப் பையில் போன் அடித்தபோது அண்ணன் ஐந்தாவது அடி அடித்து ஆறாவதற்காகச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேனி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். காறையெலும்பு முறிவு, இடது காலில் பிளேட். நினைவு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கிடார் என்னாச்சு?"

ஜெனி தேறி வீட்டுக்கு வந்தாள். எனக்குத்தான் தேறவில்லை. மத்தியான மணி அடித்தாலும் எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஐந்துக்கு மேல் போனால்தான் மூச்சு வரும். சூசை அண்ணன் எங்கள் தெருப் பக்கமே வருவதை விட்டுவிட்டார். எதிரில் பார்த்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் போவார்.

சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பியது

அடுத்த வருடம் பிரவீன் தோட்டத்தில் பழம் கட்டும் ஷெட்டை மூவரும் பிடித்துக்கொண்டார்கள். சுவரெல்லாம் பழக் கிரேட்டுகளை அடுக்கி, அதன் மேல் பழைய சாக்கும் போர்வையும் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் புளித்த திராட்சை வாசம். பாஸ் கிடார் வாசித்தால் கிரேட்டெல்லாம் குளிரில் பல் தந்தியடிப்பது மாதிரி நடுங்கும்.

புதுப் பாட்டு ஒன்று போடுகிறார்கள் என்று தெரியும். என்ன பாட்டு என்று கேட்டால், "சந்தோஷமான பாட்டும்மா, ராக்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருக்கும் தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். கவாத்து முடிந்த நேரம். இலையெல்லாம் உருவி, கொடிகள் பந்தலில் வெறும் குச்சியாகக் கிடந்தன. பந்தலுக்கடியில் குனிந்து போய்க்கொண்டிருந்தபோது ஷெட்டுக்குள்ளிருந்து மணி கேட்டது.

ஒரு அடி. இடைவெளி. இன்னொரு அடி.

என் கால்கள் நின்றுவிட்டன. தலை பந்தல் கம்பியில் இடித்தது. மருந்து அடித்துக்கொண்டிருந்த முருகேசன் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், அங்கனயே நின்னுட்டீக? பாம்பா?" என்றார்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது அடிக்குப் பிறகு பாஸ் கிடார் அடியிலிருந்து முனகிக்கொண்டு வந்தது. நான்கு. ஐந்து. நிசப்தம். அந்த நிசப்தம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். ஒரு அருள் நிறைந்த மரியே. ஆறாவது அடி விழ வேண்டிய இடத்தில் டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து வெடித்தன. என் மகள் பாடினாள்.

*அஞ்சு அடிச்சாச்சு, நான் எந்திரிச்சாச்சு.*
*மிச்சம் ரெண்டும் கயித்துலயே தூங்கட்டும்.*
*மழை விட்டாச்சு, ரோடு காஞ்சாச்சு.*
*மொத ஜீப்புல எனக்கொரு எடம் போடு.*

நான் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தூக்கு என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். அன்று மூவரும் பட்டினி.

சாயங்காலம் ஜெனி காலைச் சாய்த்துச் சாய்த்து வீட்டுக்குள் வந்தாள். தூக்கைத் திறந்து ஆறிப்போன குழம்பை ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தாள்.

"அந்த மணியை மட்டும் எடுத்துரு. வேற என்ன வேணும்னாலும் போட்டுக்கோ" என்றேன்.

"மணிதாம்மா பாட்டு."

"அன்னைக்கு நீ அதைக் கேக்கல ஜெனி. நான் கேட்டேன்."

"அதாம்மா நானும் சொல்றேன். எனக்கு அடிச்ச மணியை ஊரே கேட்டுருக்கு. நான் ஒருத்திதான் கேக்கல."

அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

பிரவீனின் செபம்

பாட்டு தொடங்குவதற்குள் ஐந்து அடிக்கு நாற்பது செகண்ட் போய்விடுகிறது என்று வினுவுக்குக் கவலை. "அம்மே, நாப்பது செகண்டு மணி மாத்திரம் போனா ஆரு கேக்கும்? போன்ல விரலால தள்ளிட்டுப் போயிருவாங்க" என்று என்னிடமே வந்து முறையிட்டான். மணியை எடுக்கச் சொல்ல ஆள் கிடைத்தது என்று நானும் மகிழ்ந்தேன். ஜெனி அசையவில்லை.

அடுத்த சிக்கல் பிரவீனுக்கு. அந்தக் கடைசி நிசப்தத்தைச் சரியாக எண்ணி அவன்தான் முதல் அடி அடிக்க வேண்டும். காதில் டிக் டிக் என்று தாளம் வைத்து எண்ணிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டது போலவே இருந்தது. கடைசியில் ஜெனி அவனை உட்காரவைத்து அருள் நிறைந்த மரியே முழுவதையும் மனப்பாடம் செய்யவைத்தாள்.

ஒரு வாரம் கழித்து முருகேசனும் அவர் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. எங்க பையன் குளிக்கையில, சாப்பிடையில, வண்டி ஓட்டையில எல்லாம் உங்க சாமி செபத்தைச் சொல்லிக்கிட்டுத் திரியிறான். பிள்ளைகளுக்குள்ள ஏதும் கல்யாணம் காச்சின்னு பேச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அவன் தாளம் எண்ணுறான்" என்றேன்.

முருகேசன் நம்பாமல் மனைவியைப் பார்த்தார். "தாளம் எண்ணுறதுக்கு ஒண்ணு ரெண்டு மூணு இல்லையாக்கும்?"

விபத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான், இந்தப் பிள்ளைகள் என் துக்கத்தை எவ்வளவு சரியாக அளந்துகொண்டிருக்கிறார்கள் என்பதும் உறைத்தது.

ஆனால் ஒரு பயம் மட்டும் விடவில்லை. பாட்டை எப்படி முடிப்பது என்பதில் மூவருக்கும் சண்டை. மிச்சமிருக்கும் இரண்டு அடியைக் கடைசியில் அடித்து முடித்தால்தான் முழுமை என்று பிரவீனும் வினுவும் சொன்னார்கள். ஆறு, ஏழு. என் மகளுக்கு ஏழு அடி முடிந்துவிடும். அவர்கள் அதை இசையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.  ஜெனி என்ன முடிவு செய்தாள் என்று கேட்கவும் துணிவில்லை.

ஒரே ஒரு அடி

ஷெட்டில் நான் கேட்டது கம்ப்யூட்டரில் செய்த மணி. ஜெனிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் மணியே வேண்டும் என்று சூசை அண்ணனைத் தேடிப் போனாள். நானும் கூடப் போனேன், அவர் மறுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில்.

அவர் கோபுரத்தடியில் மெழுகுத் துண்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஜெனி விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "ஆகாது ஆத்தா. சாவு விழாம துக்கமணி அடிக்கக் கூடாது."

"ஏற்கெனவே அடிச்சிருக்கீகளே மாமா."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. நான் ஜெனியின் கையைக் கிள்ளினேன். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து, மெதுவாக, அவருக்கும் உதடு கோணியது. இத்தனை நாளாக யாரும் அவரிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பிறகு அவர் உட்கார்ந்து அழுதார். ஜெனி மடங்காத காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்தான் வழி சொன்னார். "பன்னெண்டு மணிக்கு மத்தியான மணி அடிப்பேன். அதுல மொத அடியை மட்டும் பிடிச்சுக்கோ. அதையே எத்தனை தரம் வேணும்னாலும் ஒட்டிக்கோ. நான் அடிச்சது மத்தியான மணி. எனக்கும் பாவம் இல்ல, உனக்கும் பாவம் இல்ல."

அப்படித்தான் செய்தார்கள். பன்னிரண்டு மணி வெயிலில் பிரவீன் மைக்கைக் குச்சியில் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். புறாக்கள் பறந்த சத்தமும் அதில் விழுந்திருக்கிறது. கவனித்துக் கேட்டால் ஒவ்வொரு அடிக்கும் அதே புறாக்கள் பறக்கும், மொத்தம் ஐந்து தடவை.

மூன்றாம் நாள்

ஊர்த் திருவிழாவில் கொடியேறி மூன்றாம் நாள் இளைஞர் நிகழ்ச்சி. சாயங்காலப் பூசை முடிந்து, கூட்டம் மைதானத்தில் பாயும் நாற்காலியுமாக உட்கார்ந்திருந்தது. நடனம், நாடகம், பிறகு இவர்கள். எந்த முன்னுரையும் சொல்லாமல் ஜெனி தலையசைத்தாள்.

நாலாபக்க ஒலிபெருக்கியிலும் மணி விழுந்தது.

மைதானத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பழக்கம் அப்படி. இரண்டாவது அடிக்குக் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். "யாரு? யாருக்கு?" மூன்றாவது அடிக்கு எனக்குப் பின்னால் ஒரு பெண், "எங்க பெரியம்மாவா இருக்குமோ" என்று விசும்பினாள். தேர்ச் சோடனை செய்துகொண்டிருந்தவர்கள் ஏணியிலேயே கையைக் குவித்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

நான்கு. ஐந்து.

அந்த நிசப்தத்தில் மேடையில் பிரவீனின் உதடுகள் அசைவது எனக்குத் தெரிந்தது. அவன் அம்மாவும் பார்த்திருப்பார்.

பிறகு டிரம்ஸ்.

பாட்டு முழுவதையும் ஊர் நின்றுகொண்டே கேட்டது. யாரும் தலையாட்டவில்லை, யாரும் உட்காரவில்லை. கடைசி வரி வந்தது. கிடார் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி ஆறு வரப்போகிறது.

ஒன்றும் வரவில்லை. கைதட்டலும் வரவில்லை. எண்ணிப் பழகிய ஊர் மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஜெனி மைக்கை நெருங்கினாள். "அம்புட்டுத்தான். உக்காருங்க. மிச்சம் கிடையாது."

யாரோ சிரித்தார்கள். அது பரவியது. பிறகுதான் கைதட்டினார்கள்.

கேட்டவர்கள்

மறுநாள் பூசை முடிந்ததும் பஞ்சாயத்து. பங்குச் சாமியாரிடம் ஏழெட்டுப் பேர் போய் நின்றார்கள். முன்னால் நின்றவர் மதலேன் அக்கா. அவர் வீட்டுக்காரர் இறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

"துக்கமணியை வச்சு ஆட்டம் போடுறாக. கேக்க ஆள் இல்லையா?"

சாமியார் என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சூசை அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் வந்தார்.

"அது துக்கமணி இல்ல. மத்தியான மணி. நான்தான் அடிச்சேன். ஒத்தை அடியை அஞ்சா ஒட்டிருக்காக. நம்பலேன்னா புறாச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "தப்பா அடிச்சது அந்தப் பிள்ளை இல்ல. நான். அதையும் இன்னைக்கே கேட்டுருங்க."

யாரும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்தது. மதலேன் அக்கா மட்டும் எங்கள் வீடு வரை வந்து, வாசலில் நின்றபடி ஜெனியிடம் சொன்னார். "எங்க வீட்டுக்காருக்கு ஒன்பதும் அடிச்சாக. நடுவுல நிப்பாட்ட ஒரு போன் வரலையே தாயி." ஜெனி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பாட்டை யாராவது புகழும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது.

பாட்டு வெளியே போனது எப்படி என்று எனக்குச் சரியாகத் தெரியாது. முதலில் போன்களில் போனது. வினு பயந்தது மாதிரி விரலால் தள்ளியவர்களும் உண்டு. ஆண்டிபட்டியிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் கேட்டதாக என் தங்கை சொன்னாள். என் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைத் தாள் வாங்கும் முன் பெஞ்சில் ஐந்து தட்டுத் தட்டிவிட்டு வந்தார்கள். ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் விட்டாலும், "என்னப்பா, அஞ்சோட நின்னுச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கம்பத்து ஜீப் டிரைவர் ஒருவர் இன்னொன்று சொன்னார். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் அந்த வளைவு வந்ததும் ஜீப் கம்பியில் ஐந்து தடவை தட்டுகிறார்களாம். நான் அதை நம்பவில்லை.

முதல் ஜீப்

போன மாதம் கட்டப்பனையில் பாடக் கூப்பிட்டார்கள். அதே ரோடு.

"குமுளி சுத்திப் போகலாம்" என்றேன். "கார் வச்சுப் போகலாம்" என்றேன். "போகவே வேண்டாம்" என்றும் சொன்னேன். ஜெனி எதற்கும் கோபப்படவில்லை.

"மொத ஜீப்புல எடம் போடுன்னு நானே பாடிட்டு, கார்ல போய் எறங்கவாம்மா?"

"அப்ப நானும் வர்றேன்."

காலை ஆறு மணி. கம்பத்தில் ஜீப் ஏறினோம். பெண்கள் தூக்குவாளிகளோடும், மழைக்குப் போர்த்தும் படுதாக்களோடும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இடம் விட்டு நகர்ந்தவள் பேச்சியம்மா. அவள் கை கூடிவிட்டது, கொஞ்சம் வளைந்து.

"டீச்சருக்குப் பயமா?"

"இல்ல."

"பொய் சொல்றீக. முந்தானை என் கையையும் சேத்துல்ல சுத்தியிருக்கு."

கீழே பார்த்தேன். உண்மைதான். பெண்கள் சிரித்தார்கள். நான் அவிழ்த்துக்கொள்ளவில்லை.

ஜீப் ஏறியது. காது அடைத்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. மேட்டைத் தாண்டியதும் ஏலக்காய் வாசமும் ஈரமண் வாசமும் ஒன்றாக வந்தன. டிரைவர் கியரைக் குறைத்தார். பேச்சு நின்றது. பெண்கள் தலைக்கு மேல் இருந்த கம்பியைப் பார்த்தார்கள். எந்த வளைவு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேச்சியம்மா விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். எல்லாக் கைகளும் சேர்ந்துகொண்டன. இரண்டு. என் கையும் எப்போது மேலே போனது என்று தெரியவில்லை. மூன்று. இரும்பு குளிர்ந்திருந்தது. நான்கு. ஐந்து.

என் கை நிற்கவில்லை. சிறு வயதிலிருந்து ஏழு எண்ணிய கை. ஆறாவதற்கு அது தானாக ஓங்கியது. பேச்சியம்மா தன் வளைந்த கையை நீட்டி என் விரல்களைப் பொத்திக்கொண்டாள்.

"அம்புட்டுத்தான் டீச்சர். அஞ்சுதான்."

ஜீப் திரும்பியது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜெனியைப் பார்த்தேன். கிடாரை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த முறையும் அவள் ஒருத்திதான் கேட்கவில்லை.